கைப்பையில் என்ன இருக்கிறது

ஜனவரி 6

அன்புத் தங்கை வாயாடிக்கு, அண்ணன் எழுதுவது.

இங்கே நானும் உன் அண்ணியும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. ஆனால் என்னைத் திட்டுவதற்கு வேண்டிய தெம்பில் ஒரு குறையும் இல்லை. நீ நலமா? அங்கே குளிர் எப்படி? போனில் கேட்கலாமென்றால், "போன் வேண்டாம், கடிதம் போடு, அதுதான் கையில் நிற்கும்" என்று நீதான் போன வருஷமே சொல்லிவிட்டாய். ஒரு மணி நேரம் மூச்சுவிடாமல் பேசுகிறவள் இப்படி மாறிவிட்டாளே என்று அம்மாவுக்கு ஆச்சரியம்.

விஷயத்துக்கு வருகிறேன். வயிறு எரிகிறது. நம்மிடம் சட்டை வாங்கும் உன் சாரின் கம்பெனி, விலையில் நூற்றுக்கு ஐந்து குறைக்கச் சொல்லி மறுபடியும் எழுதியிருக்கிறது. மூன்றாவது வருஷமாக இதே கதை. எங்கள் முதலாளி தன் சட்டைப் பையிலிருந்தா குறைப்பார்? அயர்ன் பகுதியில் மூன்று மின்விசிறிகளில் இரண்டைக் கழற்றிவிட்டார்கள். நீ பட்டன் வைத்த வரிசையில் பன்னிரண்டு பேர் இருந்தீர்களே, இப்போது எட்டுப் பேர். வேலை மட்டும் பன்னிரண்டு பேருடையது. நான் துணி வெட்டும் மேஜையில் உதவிக்கு இருந்தவரையும் எடுத்துவிட்டார்கள். கடல் தாண்டி ஒருவர் பேனாவைத் திறக்கிறார், இங்கே நாற்பது பெண்கள் வியர்வையில் மயங்கி விழுகிறார்கள். இது என்ன நியாயம்?

மனு கொடுத்தோம், ஊர்வலம் போனோம், ஒன்றும் நடக்கவில்லை. அதனால் சங்கக் கட்டடத்தில் நாடகம் போட ஆரம்பித்திருக்கிறோம். எல்லாரும் நம் ஆட்கள்தான், ஒருவருக்கும் நடிப்புத் தெரியாது. இதில் ஒரு விதி உண்டு. பார்க்கிறவர்களில் யாருக்காவது பொறுக்க முடியாமல் போனால், இரண்டு தடவை கைதட்டி நாடகத்தை நிறுத்தலாம். தட்டியவர் மேலே வந்து தொழிலாளி வேஷத்தைத் தான் வாங்கிக்கொண்டு, அந்த இடத்தில் என்ன செய்வாரோ அதைச் செய்து காட்டலாம்.

எங்களுக்கு ஒரு சிக்கல். வெளிநாட்டுப் பெரிய மனுஷனாக நடிப்பவர் நம் லாரிக்காரர். தொப்பை, தங்கச் சங்கிலி, வாயில் சுருட்டு. அவர் வந்தாலே சிரிப்பு. யாராவது கைதட்டி மேலே வந்து அவர் முதுகில் இரண்டு வைக்கிறார்கள், எல்லாரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போகிறார்கள். மறுநாள் காலையில் மின்விசிறி இல்லாத இடத்தில் மின்விசிறி இல்லை.

நீ அந்த மனுஷரின் வீட்டுக்குள்ளேயே இருக்கிறாய். ஃபேக்டரியைப் பார்க்க வந்தவர் உன் கைவேலையைப் பார்த்து அவராகவே கேட்டு வீட்டு வேலைக்குக் கூட்டிப்போனார். எங்களில் யாருக்கு அந்த வாய்ப்பு கிடைத்தது? அவர் எப்படி நடக்கிறார், எப்படிப் பேசுகிறார், கோபம் வந்தால் எதைத் தூக்கி எறிகிறார், எல்லாம் எழுது. ஒன்று விடாமல் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அண்ணன்


ஜனவரி 29

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை எழுதிக்கொண்டது.

நான் நலம். அம்மா முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாளா, இல்லை கொடுத்ததாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறாளா என்று அண்ணியை விசாரிக்கச் சொல்.

உன் லாரிக்காரரைப் பற்றிப் படித்துத் துணி மடித்துக்கொண்டே தனியாகச் சிரித்தேன். அவரிடம் சொல், முதலில் தொப்பையைக் குறைக்க வேண்டும். சார் ஒல்லி. தினமும் காலையில் ஓடுகிற மெஷினில் நாற்பது நிமிஷம் ஓடுவார். சங்கிலி கிடையாது, சுருட்டு கிடையாது. காலர் கொஞ்சம் நைந்த பழைய சட்டையைத்தான் விரும்பிப் போடுவார். கோபம் வந்தால் எதை எறிவார் என்று கேட்டாய். அவருக்குக் கோபம் வந்தே நான் பார்த்ததில்லை. குரல் உயராது. சமையலறைக்குள் வரும்போதுகூடக் கதவை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் வருவார், அவர் வீட்டுச் சமையலறையில். தண்ணீர் கொடுத்தாலும் நன்றி, தட்டை எடுத்தாலும் நன்றி. ஒரு நாளைக்கு எத்தனை என்று ஒரு தடவை எண்ணினேன், முப்பத்தொன்று.

அந்த நூற்றுக்கு ஐந்து விவகாரம் எனக்கும் தெரியும். காலைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துத்தான் போனில் பேசினார். அந்தப் பக்கம் நம் முதலாளியாகத்தான் இருக்க வேண்டும். முதலில் அவர் மகளின் பரீட்சையைப் பற்றி விசாரித்தார். பிறகு, "உங்களால முடியும்னு எனக்குத் தெரியும், நீங்க எப்பவும் வழி கண்டுபிடிச்சிடுவீங்க" என்றார். அவ்வளவுதான். பிறகு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டார்.

கடிதத்துக்குத் தபால் செலவு என்ன ஆகிறது என்று கவலைப்படாதே. சாரே ஆபீஸ் தபாலோடு சேர்த்து அனுப்பிவிடுகிறார். நீ எழுதுவதும் அவர் ஆபீஸ் முகவரிக்குத்தானே வருகிறது, அவரே கையில் கொண்டுவந்து தருகிறார்.

எல்லாரையும் கேட்டதாகச் சொல்.
தங்கை


பிப்ரவரி 15

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் நலம். நீயும் நலமாக இருப்பாய். அவ்வளவு மரியாதையான வீட்டில் உனக்கு என்ன குறை.

கோபித்துக்கொள்ளாதே, உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. முப்பத்தொரு நன்றியாம், கதவைத் தட்டுவாராம். அந்த நன்றியைக் கொண்டுவந்து அயர்ன் பகுதியில் மாட்டினால் காற்று வருமா? அவர் பணிவில் நீயும் மயங்கிவிட்டாயோ என்று நினைத்தேன். ஒத்திகையில் உன் கடிதத்தை உரக்கப் படித்தேன், அவரைக் கிழிப்பதற்காகத்தான். ஆனால் படித்து முடித்ததும் உன் அண்ணிதான் சொன்னாள்: "இவரைத்தான் மேடையில கொண்டு வரணும். திட்டுறவனைத் திட்டிடலாம். இப்படிப் பேசுறவனை என்ன சொல்லுவீங்க?"

அப்படியே மாற்றினோம். லாரிக்காரர் வெள்ளைச் சட்டையில், வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, மெதுவாகப் பேசினார். "உங்களால முடியும்னு எனக்குத் தெரியும்." போன ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட் விட்டு வந்த முந்நூறு பேர் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் கைதட்டவில்லை. தட்டினால் மேலே வந்து அவரிடம் என்ன பேசுவது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் முகங்களைப் பார்த்தேன். இத்தனை நாள் நாங்கள் ஊட்ட முடியாத கோபம் அங்கே இருந்தது.

இப்போது அவர் வீட்டையும் நாடகத்தில் சேர்க்கிறோம். வீட்டு வேலை செய்யும் பெண்ணாக நடிக்கப்போவது உன் அண்ணி. எடுத்த காரியத்தை அவள் லேசில் விடமாட்டாள், தெரியுமே. வேஷத்துக்குத் தயாராக ஒரு கேள்விப் பட்டியல் கொடுத்திருக்கிறாள். அந்தப் பெண் வெளியே போகும்போது எடுக்கும் கைப்பையில் என்னென்ன இருக்கும்? வீட்டுச் சாவியை எங்கே வைத்துக்கொள்வாள்? விடுமுறை நாளில் எங்கே போய் உட்காருவாள்? எந்தச் செருப்பைப் போட்டுக்கொள்வாள்? என்னைப் பிடுங்கி எடுக்கிறாள், பதில் எழுது.

முக்கியமாக சார் ஆபீஸ் விஷயம் ஏதாவது காதில் விழுந்தால் எழுது.
அண்ணன்


மார்ச் 12

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், நலமறிய ஆவல். நாடகம் நன்றாக நடப்பது கேட்டுச் சந்தோஷம். மயங்கிவிட்டாயா என்று எழுதியிருந்தாய். அதற்கு நான் பதில் எழுதவில்லை.

சார் பேசும்போது கைகள் இரண்டையும் மேஜைமேல் விரித்து வைத்துக்கொள்வார், எதையும் ஒளிக்கவில்லை என்பதுபோல. லாரிக்காரரை அப்படி வைக்கச் சொல். ஏதாவது கேட்டால் முடியாது என்று சொல்லமாட்டார். "நல்ல கேள்வி. சாயந்திரம் பேசலாமா?" என்பார். சாயந்திரம் வரும், பேச்சு வராது. அடுத்த மாதக் கூட்டத்துக்கு எழுதிய காகிதங்களை வரவேற்பறை மேஜையில் பரப்பியிருந்தார். தூசி தட்டும்போது பார்த்தேன். நம் ஃபேக்டரி பெயருக்கு எதிரே "இன்னும் குறைக்க இடமுண்டு" என்று எழுதியிருந்தது. அந்த வார்த்தைகள் வரைக்கும் அவர்கள் மொழி எனக்குப் பழகிவிட்டது.

என் அறை துணி துவைக்கிற மெஷினுக்குப் பக்கத்தில். மெஷின் ஓடும்போது கட்டில் நடுங்கும், தாலாட்டு மாதிரி. ஜன்னல் உண்டு, உயரத்தில். போன மாதம் பல் வலியில் கன்னம் வீங்கிவிட்டது. மேடம் பல் டாக்டரை வீட்டுக்கே வரவழைத்துவிட்டார். யார் செய்வார்கள் சொல். முடிகூட மேடமே வெட்டிவிடுகிறார்.

அண்ணியின் கேள்விகளுக்கு அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். அம்மாவுக்கு என் அன்பு.
தங்கை


மார்ச் 30

வாயாடிக்கு,

எல்லாரும் நலம். நீ நலமா என்று கேட்கவும் நேரமில்லாமல் அவசரமாக எழுதுகிறேன்.

நாடகம் எங்கேயோ போய்விட்டது. நாம் இருக்கும் பக்கமே ஆறு ஊர்களில் போட்டோம். "இன்னும் குறைக்க இடமுண்டு" என்று லாரிக்காரர் கைகளை விரித்துச் சொல்லும்போது கூட்டம் கொதிக்கிறது. கூட்டத்தில் ஒருவர் படம் எடுத்து அனுப்பியது உன் நகரத்துக்கே எட்டிவிட்டது. அங்கே ஒரு குழு இருக்கிறதாம். உலகத்தில் தைப்பவனுக்கும் விளைவிப்பவனுக்கும் நியாயமான கூலி வேண்டும் என்று துணிக்கடைகள் முன்னால் நின்று நோட்டீஸ் கொடுப்பவர்கள். ஜூலையில் உன் சார் கம்பெனியின் ஆண்டுக் கூட்டம் நடக்கும்போது, மண்டபத்து வாசலிலேயே நம் நாடகத்தை அவர்கள் மொழியில் போடப்போகிறார்கள். நம் ஃபேக்டரிப் பெண்கள் பேசுவதை, பங்கு வைத்திருக்கும் கனவான்கள் நேருக்கு நேர் கேட்கப்போகிறார்கள். எனக்கு இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

நீயும் ஒரு நடை போய்ப் பார். பஸ் பிடித்தால் எவ்வளவு தூரம் இருக்கும்? யாருக்கும் சொல்ல வேண்டாம், கூட்டத்தில் ஒருத்தியாக நின்று பார்த்துவிட்டு எனக்கு எழுது.

உன் அண்ணி இன்னும் அந்தக் கைப்பையையே பிடித்துக்கொண்டு தொங்குகிறாள். ஊர் உலகத்துக்கு நியாயம் கேட்கிற நாடகத்தில் ஒரு பையில் என்ன இருந்தால் என்ன என்று சொன்னேன். முறைத்தாள். இரண்டு வரி எழுதிப் போட்டுவிடு.
அண்ணன்


ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம்.

ஜூலையில் எனக்கு வேலை அதிகமாக இருக்கும். வர முடியாது. நகரம் தனியாகப் போகிற பெண்களுக்கு அவ்வளவு நல்லதில்லை என்று சார் சொல்கிறார்.

நாடகம் நன்றாக நடக்கட்டும்.
தங்கை


மே 2

அன்பு நாத்தனாருக்கு, அண்ணி எழுதுகிறேன்.

இங்கே சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய் என்பதை எழுத்துக்கு முன்னால் வைக்கும் சடங்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்கிறேன்.

இது முழுக்க நாடகத்தைப் பற்றிய கடிதம். யார் படித்தாலும் நாடகம்தான். இந்தக் காலத்தில் போனை மேலே பிடித்தால் எந்த எழுத்தையும் அது படித்துச் சொல்லிவிடுகிறது, அதனால் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

என் வேஷத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. அந்த வேலைக்காரப் பெண்ணுக்காக ஒரு கைப்பை வாங்கிவைத்தேன். ஒத்திகைக்கு முன்னால் அதில் சாமான்களைப் போட உட்கார்ந்தேன். பஸ் சீட்டு போடலாமென்றால் அவள் பஸ்ஸில் ஏறியதாக எங்கும் இல்லை. குடை போடலாமென்றால் அவள் மழையில் நனைந்ததே இல்லை. சாவி போடலாமென்றால் எந்தக் கதவுச் சாவி? அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பை காலியாகவே இருந்தது.

பதினாறு வருஷம் செக்கிங் மேஜையில் நின்றவள் நான். சட்டையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது என் வேலை இல்லை, என்ன விட்டுப்போயிருக்கிறது என்று பார்ப்பதுதான். அந்தப் பெண் தன் வீட்டுக்கு எழுதும் கடிதங்களை அப்படித்தான் வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஒன்றரை வருஷத்தில் ஒரு தெரு இல்லை. ஒரு கடை இல்லை. சினேகிதி என்று ஒரு பெயர் இல்லை. பல் டாக்டர் வீட்டுக்கு வருகிறார், முடி வீட்டிலேயே வெட்டப்படுகிறது, தபால் பெட்டிக்குக்கூட அவள் போவதில்லை. உன் அண்ணன் இதையெல்லாம் மரியாதை என்று படித்துக்காட்டினார். நான் அந்த இடத்திலேயே எழுந்து வெளியே போய்விட்டேன்.

வேஷத்துக்காக மூன்று கேள்வி. அந்தப் பெண் கடைசியாக எப்போது கேட்டைத் தாண்டினாள்? அவள் போன் யாரிடம் இருக்கிறது? அவள் பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது?

நாடகத்துக்குத்தான் கேட்கிறேன். நாடகத்துக்காகவே பதில் எழுது.
உன் அண்ணி


மே 27

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை சார் என் கையில் கொடுத்தபோது, "வீட்டில் எல்லாரும் நலமா?" என்று கேட்டார். நலம் என்றேன். பதினெட்டு நாள் தலையணைக்கு அடியில் வைத்திருந்துவிட்டு இப்போது எழுதுகிறேன்.

நாடகத்துப் பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அவள் வந்த முதல் வாரமே பாஸ்போர்ட்டைப் பத்திரத்துக்காக வாங்கி, பெரிய மனுஷரின் படிப்பறையில் இரண்டாவது இழுப்பறையில் வைத்துவிட்டார்கள். போன் சமையலறை அலமாரியில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம், எதிரில் மேடம் உட்கார்ந்திருக்க, ஸ்பீக்கரில் பேசலாம். அப்படிப் பேசுவதைவிடப் பேசாமலே இருக்கலாம் என்று அவள் விட்டுவிட்டாள். கேட்டுக்கு எண் அழுத்தும் பூட்டு. எண் அவளுக்குத் தெரியாது. ஒரு தடவை தோட்டக்காரர் திறந்து வைத்துவிட்டு எதையோ எடுக்கப் போனார். அவள் கேட்டருகே போய் நின்றாள். காலில் வீட்டுக்குள் போடும் துணிச் செருப்பு. எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரியவில்லை. அவர் திரும்பி வந்து கேட்டைச் சாத்தினார்.

அடித்தார்களா என்று யாராவது கேட்டால் இல்லை. திட்டினார்களா என்றால் இல்லை. பாஸ்போர்ட்டை அவள் ஒரு தடவை கேட்டாள். "கண்டிப்பா. அது உன்னுடையதுதானே. சாயந்திரம் பேசலாமா?" என்றார். அது போன வருஷம். அவர் மறுக்கவே இல்லை அண்ணி. இதை எப்படி எழுதினால் ஊரில் புரியும் என்று அவளுக்குத் தெரியவில்லை. எழுதினாலும், "அவ்வளவு மரியாதையான வீட்டில் உனக்கு என்ன குறை" என்று அவளுடைய சொந்தக்காரரே எழுதியிருக்கிறார்.

கைப்பை காலியாகவே இருக்கட்டும். வேஷத்துக்கு அதுதான் சரி.

உங்கள்
நாத்தனார்


ஜூன் 12

அன்புத் தங்கைக்கு,

எல்லாரும் இருக்கிறோம். இந்தக் கடிதத்தை ஆபீஸ் தபாலில் போடாமல், தோட்டக்காரர் வழியாக உன் கையில் சேர்க்க நோட்டீஸ் குழுவிடம் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் நாடகத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அந்தப் பெண்ணுக்கு நாடகத்தில் ஒரு அண்ணன் பாத்திரம் சேர்த்திருக்கிறோம். அவன் ஒரு முட்டாள். அந்தப் பெரிய மனுஷன் தங்கையைக் கூட்டிக்கொண்டு போனபோது அவனோடு கைகுலுக்கிப் பல்லைக் காட்டியவன். ஊரெல்லாம் மேடை போட்டு நியாயம் கேட்கிறவன், தங்கை எழுதியதைத் தானே உரக்கப் படித்து, ஒரு எழுத்தும் மண்டையில் ஏறாதவன். அந்த வேஷத்தை நானே போடுகிறேன். ஜனங்கள் அவனைப் பார்த்துப் பல்லைக் கடிக்கிறார்கள். கடிக்கட்டும்.

புதுக் காட்சி இதுதான். அந்தப் பெண் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்கிறாள். எப்படிக் கேட்டால் கிடைக்கும்? ஒரு வாரமாக, தினம் ஒரு ஊராக, கைதட்டி மேலே வந்தவர்களையெல்லாம் கேட்க வைத்துப் பார்த்தோம். அயர்ன் பகுதிப் பெண் ஒருத்தி அழுதாள். லாரிக்காரர் நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார், அவள் நன்றி சொல்லி உட்கார்ந்தாள், முடிந்தது. லோடு ஏற்றுபவர் ஒருவர் மேஜையைக் குத்தினார். லாரிக்காரர் போலீசுக்குப் போன் போட்டு, "வீட்டில ஒருத்தர் நிதானம் இழந்துட்டாங்க" என்றார். எங்கள் சங்கச் செயலாளர் பத்து நிமிஷம் சட்டம் பேசினார். "ரொம்ப முக்கியமான விஷயம், எழுத்துல கொடுங்க" என்று பதில் வந்தது.

கடைசியில் சந்தையில் மீன் விற்கும் அம்மா ஒருவர் மேலே வந்தார். "கொடுங்க" என்றார். சாயந்திரம் பேசலாமா என்றதற்கு, "கொடுங்க." உட்காருங்கள் என்றதற்கு, "கொடுங்க." உங்களுக்கு இங்கே என்ன குறை என்றதற்கும் அதே. உட்காரவில்லை, தண்ணீர் வாங்கவில்லை, காரணம் சொல்லவில்லை, கை மட்டும் நீட்டியபடி. லாரிக்காரருக்கு வியர்த்துவிட்டது. வசனம் தீர்ந்துவிட்டது. முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, வேறு வழியில்லாமல் எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த காட்சி ஜூலை 4, சனிக்கிழமை, காலை பத்து மணி. நோட்டீஸ் கொடுக்கும் குழுவைச் சேர்ந்த நான்கு பெண்கள் நீல வண்டியில் வந்து வாசல் மணியை அடிக்கிறார்கள். அதில் ஒருத்தி வக்கீல். இன்னொருவரின் பாஸ்போர்ட்டை வைத்திருப்பது அந்த நாட்டுச் சட்டப்படி குற்றம் என்பது அவளுக்குத் தெரியும், பெரிய மனுஷனுக்கும் தெரியும். அவர்கள் வாசலிலேயே நிற்பார்கள். கேட்க வேண்டியது அந்தப் பெண் மட்டும். அவளால் முடியும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வாக்கியத்தை அவர் கெடுத்துவிட்டார்.

அண்ணன்


ஜூலை 10

அன்புத் தங்கைக்கு,

இந்தக் கடிதத்தை அந்த வக்கீல் அம்மாவின் முகவரிக்குப் போடுகிறேன்.

நான்காம் தேதி அவர் போன் பண்ணினார். நீ வெளியே வந்துவிட்டாய், பாஸ்போர்ட் உன் கையில் இருக்கிறது என்று சொன்னார். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். உன்னிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். நீ பேச விரும்பவில்லை என்றார். மறுநாள் கேட்டேன். நேற்றும் கேட்டேன். "அவங்களே எழுதுவாங்க" என்கிறார். ஆனால் அண்ணியிடம் பேசினாயாம், ஒரு மணி நேரம். என்ன பேசினாய் என்று அவள் சொல்லமாட்டேன் என்கிறாள்.

கோபமா? இருக்கட்டும், நியாயம்தான். திட்டியாவது எழுது. டிக்கெட்டுக்குச் சங்கத்தில் ஏற்பாடு செய்துவிட்டோம். எப்போது வருகிறாய்?

அண்ணன்


ஆகஸ்ட் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். இந்த வார்த்தையை இந்த ஒன்றரை வருஷத்துக்கு மேலாக எழுதியதில் இதுதான் நிஜம். அம்மாவும் அண்ணியும் நலமா?

ஆமாம், கோபம்தான். ஒவ்வொரு கடிதத்திலும் நலமா என்று கேட்டாய். பதிலுக்கு நிற்காமல் சார் எப்படி நடப்பார் என்று கேட்டாய். நானும் எழுதினேன், எங்கேயாவது ஒரு வரியில் நீ தடுக்கி விழுவாய் என்று. பல் டாக்டர் வீட்டுக்கு வந்தார் என்று எழுதியபோது நிச்சயம் விழுவாய் என்று நினைத்தேன். நீ அதைத் தாண்டிப் போய் நாற்பது பெண்களுக்கு நியாயம் கேட்டாய். அந்த நாற்பது பேரில் நானும் ஒருத்தியாகத்தானே இருந்தேன். நீ முட்டாள் வேஷம் போட்டுப் பல்லைக் கடிக்க வைத்ததாக எழுதியதைப் படித்துத்தான் கொஞ்சம் ஆறியது. முழுக்க ஆறவில்லை. அதனால்தான் போனில் வரவில்லை. வந்திருந்தால் நீ அழுதிருப்பாய், நான் உன்னைத் தேற்ற வேண்டி வந்திருக்கும்.

நான்காம் தேதி மணி அடித்தபோது நான் படிப்பறை வாசலில் நின்றிருந்தேன். "கொடுங்கள்" என்றேன். மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "உன்னை வீட்டில் ஒருத்தியாகத்தானே வைத்திருந்தோம்" என்றார். கொடுங்கள் என்றேன். சார் தன் வசனங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பதினோராவது தடவையில் இழுப்பறையைத் திறந்தார். கையில் வாங்கியதும் நன்றி என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன். துணிச் செருப்போடுதான் வண்டியில் ஏறினேன்.

ஆண்டுக் கூட்டத்து நாடகத்தைப் பற்றிக் கேட்க உனக்குத் துடிக்கும். குழுவினர் என்னை வேலைக்காரப் பெண்ணாக நடிக்கக் கேட்டார்கள். அதை இருபது மாதம் நடித்தாயிற்று, அவர் வேஷத்தைக் கொடுங்கள் என்றேன். அந்த வேஷத்துக்கு அவர்கள் மொழியில் நூறு வார்த்தை போதும், அவ்வளவும் எனக்குத் தெரியும். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மண்டபத்துப் படிக்கட்டில் ஒரு மேஜையைப் போட்டு, கைகளை விரித்து வைத்துக்கொண்டேன். பங்குக்காரர்கள் உள்ளே போவதற்கு நின்ற வரிசை அப்படியே நின்றுவிட்டது. தொழிலாளிகளாக நடித்தவர்கள் மின்விசிறி போனதைச் சொன்னார்கள், எட்டுப் பேர் பன்னிரண்டு பேர் வேலை செய்வதைச் சொன்னார்கள். ஒவ்வொன்றுக்கும் நான் பரிவாகத் தலையாட்டி, இன்னும் குறைக்க இடமுண்டு என்றேன். பிறகு வேலைக்காரப் பெண்ணாக நடித்தவள் பாஸ்போர்ட்டைக் கேட்டாள். பத்திரமாக இருக்கிறது என்றேன்.

சார் காரிலிருந்து இறங்கி அந்த வரிசையில்தான் நின்றிருந்தார். நான் பார்க்கவில்லை. குரலைக் கேட்டுத்தான் திரும்பினேன். அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. "அவள் என் வீட்டு வேலைக்காரி. இறக்குங்கள் அவளை" என்று கத்தினார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நானூறு பேர் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அதுவரைக்கும் அது யாருடைய கதை என்று அவர்களுக்குத் தெரியாது.

அன்று உள்ளே நூற்றுக்கு ஐந்து நிறைவேறியது. அதையும் எழுதிவிடுகிறேன், நீ மேடையில் வெற்றி என்று சொல்லிவிடக்கூடாது. மூன்று பேர்தான் எதிர்த்து ஓட்டுப் போட்டார்களாம். போன வருஷம் ஒருவரும் இல்லை.

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு. வழக்குப் போட்டிருக்கிறோம், அது முடிகிறவரை வரமாட்டேன். வேறொரு காரணமும் இருக்கிறது. தோட்டக்காரர் நேற்று வந்து வக்கீலிடம் சொல்லிவிட்டுப் போனார். மெஷினுக்குப் பக்கத்து அறைக்கு வேறொரு பெண் வந்துவிட்டாளாம். எந்த நாடு என்று அவருக்குத் தெரியவில்லை, நம் மொழியும் இல்லை, இவர்கள் மொழியும் இல்லை. வந்த முதல் வாரமே பாஸ்போர்ட் உள்ளே போயிருக்கும்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நீல வண்டியில் போகிறோம். கொடுங்கள் என்ற வார்த்தை அவள் மொழியில் என்ன என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். மணியை நான் அடிக்கப்போகிறேன்.

தங்கை